திரிந்த எண்ணமும் யோகப் பயிற்சியும்

மனச்சிதைவு நோய் கண்டவர், அண்டை வீட்டார் தமக்கு விஷமிடச் சூழ்ச்சி செய்கின்றனர் என்று உறுதியாக நம்புவதுண்டு. எத்தனை சான்றுகளை எடுத்துக்காட்டினும் அந்நம்பிக்கை அசைவதில்லை. சிறு குறிப்பொன்றைக் கண்டவுடன் முடிவுக்குத் தாவும் இயல்பு இந்நோயாளர் பலரிடம் காணப்படுகிறது. மருந்துகள் இத்திரிபைப் பெரும்பாலும் தணிக்கின்றன. ஆனால் சோர்வும், பிறரோடு பழகாமையும், தொழிலில் நாட்டமின்மையும் பலரிடம் எஞ்சி நிற்கின்றன. இக்குறைகளைப் போக்கவே துணைச் சிகிச்சைகள் நாடப்படுகின்றன.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் எனும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதனைச் சோதித்து, 2007-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மருந்து உண்டுவந்த நோயாளர் 61 பேர், எவருடைய விருப்பமுமின்றிக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். 31 பேர் யோகமும், 30 பேர் சாதாரணத் தேகப்பயிற்சியும் மேற்கொண்டனர். நான்கு மாதங்களுக்குப் பின், யார் எப்பிரிவினர் என்பதை அறியாத ஒருவர் அவர்களைப் பரிசோதித்தார்.

இவ்வேற்பாடுகள் ஏன்? யோகத்தால் குணமாகும் என்று நம்புகிறவர், குணமடைந்தவரையே காண்பார். ஆறாதவர் அவர் கண்ணில் படுவதில்லை. திரிந்த எண்ணம் நோயாளருக்கு மட்டும் உரியதன்று! மேலும், நாள்தோறும் ஒருவர் அன்போடு கவனித்துப் பயிற்சியளித்தால் அதனாலேயே ஓரளவு தெளிவு பிறக்கலாம். தேகப்பயிற்சிப் பிரிவினர்க்கும் அக்கவனிப்பு கிட்டியமையால், யோகத்தின் தனிப்பயனைப் பிரித்தறிய இயன்றது.

இரு பிரிவினரிடமும் நோய்க்குறிகள் குறைந்தன. யோகப் பிரிவினரிடம் கூடுதலாகக் குறைந்தன. சமூகத்திலும் தொழிலிலும் இயங்கும் திறனும் அவர்களிடம் மேம்பட்டிருந்தது. எனினும் இறுதிப் பரிசோதனைக்குக் கிடைத்தவர் 41 பேரே. விலகிய 20 பேரின் நிலை கணக்கில் வராமையால், இம்முடிவை எச்சரிக்கையுடனேயே கொள்ளுதல் வேண்டும்.

கிராமங்களில் பணிபுரியும் ஊழியரும் ஆசிரியரும் குடும்பத்தாரிடம் ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் அவசியம். இச்சோதனையில் யோகம் மருந்தோடு சேர்க்கப்பட்டதேயன்றி, மருந்துக்குப் பதிலாக அளிக்கப்படவில்லை. “யோகம் தொடங்கியாயிற்று, மாத்திரை எதற்கு?” என்று நிறுத்திவிட்டால் நோய் மீண்டும் தலைதூக்கும் அபாயம் மிகுதி. தீவிரத் தியானத்தால் சிலருக்குப் பிரமைகள் தோன்றியதாகவும் மருத்துவ ஏடுகளில் குறிப்புகள் உள. ஆதலின் எப்பயிற்சியையும் மனநல மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்குதல் தகும்.