வடிகால் இல்லாத ஏரி

கடலூர் கேப்பர் மலையின் சரிவில் கிடக்கும் கல்லை எடுத்துக் கையால் நசுக்கினால் பல இடங்களில் அது செந்நிற மணலாக உதிர்ந்துவிடும். நிலவியல் நூல்களில் அதற்கு 'கடலூர் மணற்கல்' என்றே பெயர். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் காலப்போக்கில் இறுகி உருவான அடுக்கு அது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் அந்த அடுக்கோடு சேர்ந்துதான் கிடக்கிறது. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து தரையான நிலத்தை இந்தப் பக்கத்தில் பார்க்க வழியில்லை.

எரிமலை நிலத்தையும் அதன் நடுவே ஓர் உப்பு ஏரியையும் ஒருசேரப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிபூட்டி நாட்டின் அசால் ஏரி அப்படிப்பட்டதுதான். கடல் மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே, கறுத்த எரிமலைப் பாறைகளுக்கு நடுவே, கடல்நீரைப் போலப் பத்து மடங்கு உப்போடு கிடக்கும் ஏரி. அங்கே போக பாஸ்போர்ட், விசா எல்லாம் வேண்டும். மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில் இருக்கும் லோனார் ஏரிக்கு ஒரு ரயில் டிக்கெட் போதும். லோனாரைச் சுற்றி இருப்பது அசாலைப் போலப் பாலைவனம் அன்று. பருத்தியும் சோளமும் விளைகிற வறண்ட பீடபூமி. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் புல்லெல்லாம் கருகி, மண்ணுக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பாறை வெளியே தெரியும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது.

கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் சென்னை போய், அங்கிருந்து தெலங்கானா, நாந்தேடு வழியாக ஜால்னாவில் இறங்குவது ஒரு வழி. ஜால்னாவிலிருந்து லோனாருக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பஸ் உண்டு, வாடகைக் காரும் கிடைக்கும். அந்தப் பகுதியில் சிந்துகேட் ராஜா என்று ஓர் ஊர் இருக்கிறது. சிவாஜியின் தாயார் ஜிஜாபாய் பிறந்த ஊர் அது. கடலூர்க்காரர்கள் அங்கே ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தலாம். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியது மராட்டியரிடமிருந்துதான். அப்போது செஞ்சியில் இருந்துகொண்டு ஆட்சி நடத்திய ராஜாராம், ஜிஜாபாயின் பேரன்.

லோனார் ஊருக்குள் நுழையும்போது ஏரி இருப்பதற்கான அடையாளமே தெரியாது. கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஆட்டோக்கள். ஊர் முடிகிற இடத்தில் தரை லேசாக மேடேறுகிறது. மேட்டின் உச்சிக்குப் போனதும் காலடியில் நிலம் இல்லை. கிட்டத்தட்ட வட்டமான ஒரு பெரும் பள்ளம். குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர். சுவர் போல இறங்கும் சரிவு முழுக்கக் காடு. அடியில் பச்சை நிறத்தில் அசையாத தண்ணீர். விளிம்பிலிருந்து கீழே ஏறத்தாழ 135 மீட்டர். சிதம்பரம் கோயில் கோபுரங்களில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஏரிக்கரையில் நிறுத்தினாலும் உச்சிக் கலசம் விளிம்பை எட்டாது.

இந்தப் பள்ளம் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1823-இல் இதைப் பார்த்துக் குறித்து வைத்தார். அதன்பின் வந்தவர்கள் பெரும்பாலும் இது எரிமலை வாய் என்றே எண்ணினார்கள். அப்படி எண்ணியதில் தப்பில்லை. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எரிமலைப் பாறைதானே! ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தையொட்டி, தக்காணத்தில் பூமி பிளந்து தீக்குழம்பு பெருக்கெடுத்தது. ஒரு பெருக்கு ஆறி உறைந்ததும் அதன்மேல் அடுத்த பெருக்கு. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அந்தப் பாறை மூடியிருக்கிறது. பசால்ட் என்று அதைச் சொல்கிறார்கள். லோனார் பள்ளத்தின் சுவரில் அந்த அடுக்குகளைக் கீழிருந்து மேலாக எண்ணிப் பார்க்கலாம்.

சிக்கல் என்னவென்றால், தக்காணத்து எரிமலைகள் அடங்கிப் பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகு உண்டான பள்ளம் இது. எரிமலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க முடியாது என்ற சந்தேகம் 1960-களில் வலுத்தது. அமெரிக்க விஞ்ஞானிகளும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரும் சேர்ந்து துளையிட்டுப் பார்த்தார்கள். படிந்த சேற்றுக்கு அடியில் நொறுங்கிய பாறை கிடைத்தது. அதில் இருந்த ஒரு கனிமம் உருகாமலேயே கண்ணாடியாக மாறியிருந்தது. எரிமலைச் சூட்டில் அப்படி ஆகாது. கற்பனைக்கு எட்டாத வேகத்தில் ஒன்று வந்து மோதும்போது எழும் அதிர்ச்சி அலையால் மட்டுமே ஆகும். ஃப்ரெட்ரிக்சன், துபே, மில்டன், பாலசுந்தரம் என்ற நால்வரும் 1973-இல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். விண்கல் விழுந்த இடம் என்பது உறுதியாயிற்று.

எப்போது விழுந்தது? சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் என்று ஒரு கணக்கு வெகுகாலம் நிலவியது. பிறகு ஆர்கான் வாயுவை அளந்து காலம் கணிக்கும் முறையில் பார்த்தபோது ஏறத்தாழ 5.7 லட்சம் ஆண்டுகள் என்று வந்தது. பல வழிகாட்டிப் புத்தகங்களிலும் பலகைகளிலும் இன்னும் பழைய எண்ணே இருக்கிறது.

உலகில் விண்கல் பள்ளங்கள் பல உண்டு; ஆனால் பசால்ட் பாறையில் விழுந்து இவ்வளவு சிதையாமல் மிஞ்சியவை மிக அரிது. நிலவில் நாம் கறுப்பாகப் பார்க்கும் சமவெளிகள் எல்லாம் பசால்ட்தான். அங்கே விண்கல் விழுந்தால் பாறைக்கு என்ன ஆகும் என்பதை நிலவுக்குப் போகாமலே படிக்க லோனார் உதவுகிறது. பல நாட்டு ஆய்வாளர்கள் இந்தச் சிற்றூரைத் தேடி வருவது அதற்காகத்தான்.

சரி, உப்பு எங்கிருந்து வந்தது? கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சிதம்பரத்துக்காரர்களுக்குத் தெரிந்த உப்பு, கடல் கொண்டுவந்து தரும் உப்பு. பிச்சாவரத்துக் கால்வாய்களில் அலையேற்றத்தோடு உள்ளே வரும், வற்றத்தோடு வெளியே போகும். தில்லைக்கு அந்தப் பெயரைக் கொடுத்த தில்லை மரம் வளர்வதே அப்படி உப்பு ஏறி இறங்கும் சேற்றில்தான். லோனாரில் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் எரிமலைப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்குகின்றன. வெளியேற ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. வெயிலில் ஆவியாக மேலே போவதுதான் ஒரே வழி. தண்ணீர் போய்விடும், கரைந்து வந்தது தங்கிவிடும். இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்ததில் சாதாரண உப்பு உண்டு. அதோடு சோடா உப்பும் ஏராளம். நம் ஊர் உவர்மண்ணில் இருப்பதும் சலவை சோடாவும் இதே இனம். லோனார் தண்ணீரை விரல்களுக்கிடையே தேய்த்தால் சோப்பு போல வழுக்குவது அதனால்தான். அதன் காரத்தன்மை பி.எச். அளவில் பத்தைத் தாண்டியிருந்திருக்கிறது. கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய பொருள் இங்கே கிடைப்பதை அக்பர் காலத்து அயினி அக்பரியே குறிப்பிடுகிறது. கோடையில் தண்ணீர் பின்வாங்கும்போது கரையில் படியும் சோடாவை அள்ளி விற்கும் தொழில் ஆங்கிலேயர் காலத்திலும் நடந்தது.

கீழே இறங்க கோமுக் என்ற தீர்த்தத்தின் பக்கத்தில் படிக்கட்டுப் பாதை இருக்கிறது. விளிம்பிலேயே ஒரு நன்னீர் ஊற்று வருடம் முழுக்க வழிகிறது. பக்தர்கள் அதில் நீராடிவிட்டுச் சாமி கும்பிடுகிறார்கள். அங்கிருந்து இறங்க இறங்கக் காடு மாறுவதைக் கவனிக்க வேண்டும். மேலே தேக்கும் சீதாப்பழ மரமும், பிறகு புளியமரங்கள், ஏரியை நெருங்கினால் கருவேலம். நம் ஊரைப் பாடாய்ப்படுத்தும் சீமைக்கருவேலம் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. மயில்களும் குரங்குகளும் தாராளம். கடைசியில் மரமே இல்லாத ஒரு சேற்று வளையம். மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். நம்பிக் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். கிளறினால் அழுகிய முட்டை வாடை. அதைத் தாண்டினால் பச்சைத் தண்ணீர். அந்தப் பச்சைக்குக் காரணம், காரநீரில் செழித்து வளரும் ஸ்பைருலினா. மருந்துக்கடையில் மாத்திரையாக விற்கிறதே, அதே நுண்ணுயிர்தான்.

கரையில் கமலஜா தேவி கோயில் இருக்கிறது. நவராத்திரியில் சுற்று வட்டாரமே அங்கே கூடும். மழை மிகுந்த ஆண்டுகளில் தண்ணீர் கோயிலை நெருங்கிவிடும். ஏரி நன்றாக வற்றும்போது ஒரு கிணறு வெளியே தெரியும் என்றும், அதன் ஒரு பக்கத்துத் தண்ணீர் இனிக்கும், மறுபக்கம் கரிக்கும் என்றும் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மாமியார்-மருமகள் கிணறு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் தைத்ய சூதன் கோயிலைத் தவறவிடக் கூடாது. பூமிக்கடியில் ஒளிந்திருந்த லவணாசுரனைத் திருமால் வதைத்த இடம் இது என்பது தலபுராணம். ஏரித் தண்ணீர் அவன் ரத்தமாம். நட்சத்திர வடிவில் அமைந்த அந்தக் கோயிலின் வெளிச்சுவர்ச் சிற்பங்களைப் பார்க்க ஒரு காலைப் பொழுது வேண்டும்.

2020 ஜூன் மாதத்தில் ஏரி திடீரென்று இளஞ்சிவப்பாக மாறியது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாடு அந்தப் படங்களைச் செல்போனில் பார்த்து வியந்தது. புனேயின் அகார்கர் ஆய்வு நிறுவனம் தண்ணீரை எடுத்துப் பார்த்தது. உப்பில் மட்டுமே வாழும் ஹாலோஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் பெருகி, சிவப்பு நிறமியை உண்டாக்கியிருந்தன. தண்ணீர் வற்றி உப்பு கூடியதே காரணம். மரக்காணத்து உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது; உப்பு விளையப் போகும் பாத்தியில் தண்ணீர் சிவப்பேறுவதை அவர்கள் எப்போதும் பார்ப்பவர்கள்.

ஏரி சிவந்தபோது பதறியவர்கள், அது நீர்த்துப் போவதைப் பற்றிப் பதற வேண்டும். வீராணத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது முதலில் விளங்குவது கடினம். வடவாற்றில் தண்ணீர் வந்து வீராணம் 47.5 அடியைத் தொட்டால் காட்டுமன்னார்கோயில் முதல் சென்னை வரை எல்லோருக்கும் நிம்மதி. ஏரிக்குத் தண்ணீர் வருவது நல்லது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து கிடையாது. லோனாரில் கணக்கு வேறு. ஊர்ச் சாக்கடையும் வயல்களிலிருந்து வழியும் உரநீரும் ஏரிக்குள் இறங்குகின்றன. அப்படி வரும் ஒவ்வொரு குடமும் அங்கே உப்பையும் காரத்தையும் குறைக்கிறது, அழுக்கைச் சேர்க்கிறது. வடிகால் இல்லாததால் வந்த அழுக்கு வெளியேறவும் வழியில்லை. காரம் குறைந்தால் மற்ற ஏரிகளில் எளிதில் காண முடியாத நுண்ணுயிர்கள் ஒதுங்கும். எந்தக் குட்டையிலும் வாழ்கிற பாசியும் பூச்சியும் மீனும் குடியேறும். லோனார் அப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் லோனாராக இருக்காது.

பாதுகாப்புப் பட்டங்களுக்குக் குறைவில்லை. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். 2000-இல் வனவிலங்குச் சரணாலயம். 2020-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியல். அதே ராம்சார் பட்டியலில் 2022-இல் நம் பிச்சாவரமும் சேர்ந்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை இந்த ஏரிக்காகப் பல ஆண்டுகளாக உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு அவசரமாக ஆக வேண்டிய காரியம் ஒன்றுதான்: ஊரின் கழிவுநீர் ஒரு சொட்டுக்கூடப் பள்ளத்துக்குள் போகாமல் தடுப்பது. அது நடக்காமல் எத்தனை பலகை வைத்தாலும் பயனில்லை.

போக விரும்புகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நல்லது. விடியற்காலையில் இறங்கத் தொடங்குங்கள்; வெயில் ஏறினால் திரும்பி ஏறுவது பெரும்பாடு. குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும், கீழே கடை கிடையாது. பாதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அது பிழைப்பு. கோமுக் தண்ணீரில் சோப்பு போட்டுக் குளிக்காதீர்கள். அது நேராக ஏரிக்குத்தான் போகிறது. சரிவில் கண்ணாடிப் பூச்சு ஏறிய கறுப்புக் கல் ஏதாவது கண்ணில் பட்டால் கையில் எடுத்து ஆசை தீரப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். விண்கல் விழுந்ததற்கு அங்கே இருக்கும் சாட்சி அந்தக் கற்கள்தான்.