மறைந்திருக்கும் மாற்றங்கள்

பங்கு இல்லத்து அலமாரியில் இருக்கும் பழைய பதிவேடுகளை நீங்கள் என்றேனும் கண்டதுண்டா? பிழையாக எழுதப்பட்ட பெயரை அங்கே சுரண்டி அழிப்பதில்லை. ஒரு கோட்டால் அடித்து, சரியான பெயரை அருகில் எழுதிக் கையொப்பமிடுவதே முறை. ஐம்பது ஆண்டுகள் கழித்து வருபவரும் எது மாறியது என்பதைக் கண்டுகொள்வார். கணிப்பொறியில் எழுதப்படும் ஆவணமோ அத்தகையதன்று. அங்கே மாற்றம் தன் சுவட்டை மறைத்துக்கொள்ள வல்லது.

எழுத்தின் வலிமையைக் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் கையெழுத்தான குத்தகை ஒப்பந்தத்தின் பயனாகவே முல்லைப் பெரியாற்று நீர் நம் வயல்களை அடைகிறது. குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய். 1970-இல் அந்த வாடகை 30 ரூபாயாக உயர்ந்தபோது, அதற்கெனத் துணை ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. மாற்றம் யாவரும் அறிய நிகழ்ந்தது.

இனி, நம் பங்கில் நடந்ததைக் கூறுவோம். ஒரு குடும்பத்தார் திராட்சைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்குப் பேசினர். ஒப்பந்த நகல் 'வேர்ட்' கோப்பாக வந்தது. அச்செடுத்த தாளுடன் குடும்பத் தலைவர் நம்மிடம் வந்து, "சாமி, பன்னிரண்டு நிபந்தனை பேசினோம், இதில் பதினொன்றுதான் இருக்கிறது. ஆனால் வரிசை எண்ணில் இடைவெளியே இல்லையே!" என்றார். பந்தல் பழுதுபார்க்கும் செலவு உரிமையாளரைச் சேர்ந்தது என்ற நிபந்தனையே காணாமற்போயிருந்தது. பந்தல் சாய்ந்தால் அவ்வாண்டு விளைச்சலே போய்விடும் அன்றோ?

கல்லூரியில் பயிலும் அவர் மகள் கோப்பைத் திறந்து, முகப்புப் பட்டையிலுள்ள பத்திக்குறியை அழுத்தினாள். மறைந்திருந்த நிபந்தனை புள்ளிக்கோட்டின் மேல் தோன்றிற்று! அது அழிக்கப்படவில்லை, 'மறை எழுத்து' என்னும் வடிவமைப்பு அதற்கு இடப்பட்டிருந்தது. அத்தகைய எழுத்து வழக்கமாக அச்சில் வாராது. தானியங்கி வரிசை எண்ணும் அதைக் கணக்கிடாமல் தாண்டிவிடும். விசாரித்தபோது வஞ்சகம் ஏதுமில்லை. 'பிறகு பார்க்கலாம்' என்று மறைத்து வைத்த தட்டச்சாளர் அதை மறந்துவிட்டார். உரிமையாளரும் மறுப்பின்றி ஏற்க, பன்னிரண்டு நிபந்தனைகளுடன் புதுத்தாளில் கையெழுத்தாயிற்று.

நம் வீடுகளில் கோப்பு வழியே ஒப்பந்தம் பெறுவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். முதலாவது, மேற்சொன்ன பத்திக்குறி. கண்ட்ரோல், ஷிப்ட், 8 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினாலும் அதே பயன். இரண்டாவது, ஐயமுள்ள சொல்லில் சுட்டியை வைத்து ஷிப்ட், எஃப்1 அழுத்துக. அச்சொல்லின் எழுத்துரு, அளவு, இடைவெளி அனைத்தும் பக்கத்தில் விரியும். மூன்றாவது, 'ரிவ்யூ' பகுதியில் 'ஆல் மார்க்கப்' என்பதைத் தேர்ந்து, 'ஷோ மார்க்கப்' பட்டியலில் 'ஃபார்மேட்டிங்' குறியிடப்பட்டிருக்கிறதா எனக் காண்க. குறியில்லையேல், பதிவான வடிவ மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியா. நான்காவது, பழைய நகல் கைவசமிருந்தால் 'கம்பேர்' வசதியால் இரண்டையும் ஒப்பிடுக. மாற்றங்கள் பதிவு செய்யப்படாத கோப்பிலும் வேறுபாட்டை அது காட்டிவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாய் ஒளிந்திருப்பதைக் காண, முழுவதையும் தெரிவுசெய்து கறுப்பு நிறம் தருக. இச்சோதனைகளை மூலக் கோப்பில் அன்றி, அதன் படியொன்றில் செய்வதே முறை.

தமிழருக்கு மற்றுமோர் எச்சரிக்கை. யூனிகோடு பரவுமுன் தட்டச்சான பழைய கோப்புகளில் எழுத்துருவை மாற்றினால் தமிழே உருக்குலைந்து ஆங்கிலக் குறிகளாகிவிடும். அங்கே வடிவம் மாறினால் வாசகமும் கெடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பேசியதை எண்ணி வைத்திருந்த அத்தந்தையின் நினைவாற்றலே முதற்காவலாய் நின்றது. கருவி அதன் பின்னரே துணைக்கு வந்தது. எனவே, பேசி முடித்தவற்றை அன்றிரவே ஒரு நோட்டில் எண்ணிட்டுக் குறித்து வைப்போம். கையெழுத்திடுமுன் தாளை அதனோடு ஒத்துப்பார்ப்போம்.