சருகும் ஆறுமணிக்குருவியும்

திருவண்ணாமலை மலையடிவாரக் காட்டில் குளிர்காலத்தில் பறவை காணச் செல்லும் சிறுவர்கள், மரக்கிளைகளை மட்டுமல்ல, தரையையும் பார்க்க வேண்டும். காலை, மாலை ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அப்பெயர் பெற்ற ஆறுமணிக்குருவி அங்குதான் இரை தேடும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்து, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும் இப்பறவை, மரநிழலில் கிடக்கும் சருகைக் கிளறிப் புழு பூச்சிகளை உண்கிறது.

மரங்களை இழந்து வறண்டிருந்த இம்மலையில், 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளையும் தன்னார்வலர்களும் பல ஆண்டுகளாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். தீத்தடுப்புக் கோடுகளையும் அமைக்கின்றனர். தீ பரவினால் இளங்கன்றுகளோடு சருகும் கருகும்; குருவியின் இரையும் அழியும். சருகு குப்பையன்று, ஓர் உயிரின் உணவுக்களம் என்பதைக் கண்ணால் கண்டறிந்த சிறுவன், மலையில் தீக்குச்சியை அலட்சியமாக வீசமாட்டான், வீசுவோரையும் தடுப்பான். பறவை காணும் நடையின் பயன் அதுவே.