பெர்லின் வரை போன பெட்ரோல்

1943 அக்டோபர் 14. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரத்து பால்பேரிங் தொழிற்சாலைகளைத் தகர்க்க இங்கிலாந்திலிருந்து 291 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. 60 திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். துணைக்குப் போன தண்டர்போல்ட் போர் விமானங்கள் பெட்ரோல் போதாமல் ஜெர்மன் எல்லையோடு திரும்பிவிட்டன. ஜெர்மன் விமானிகள் காத்திருந்தது அதற்காகத்தான்.

பெர்லின் வரை போய், சண்டையும் போட்டுத் திரும்பக்கூடிய ஒற்றை இன்ஜின் போர் விமானம் நடக்காத காரியம் என்று பெரிய தளபதிகளே நம்பியிருந்த காலம். ஆனால் அந்த விமானம் ஏற்கெனவே பிறந்திருந்தது: மஸ்டாங்.

1940-ல் பிரிட்டன், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்திடம் வேறொரு கம்பெனியின் பி-40 விமானத்தைத் தயாரித்துத் தரச் சொன்னது. அதைவிட நல்லதாகப் புதிதாகவே செய்து தருகிறோம் என்றது நிறுவனம். வடிவமைப்பாளர் எட்கர் ஷ்மூட், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஒப்பந்தமான 102-வது நாளில் விமானம் தொழிற்சாலைக்கு வெளியே நின்றது. சக்கரங்கள் ஒரு பயிற்சி விமானத்துடையவை. இன்ஜின் இன்னும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்த அல்லிசன் இன்ஜின் தாழ்வான உயரத்தில் அருமையாக ஓடியது. 15,000 அடிக்கு மேல் காற்று மெலிந்ததும் மூச்சு முட்டியது. குண்டுவீச்சு விமானங்களோ 25,000 அடியில் பறந்தன. 1942 ஏப்ரலில் ரோல்ஸ்-ராய்ஸின் சோதனை விமானி ரொனால்ட் ஹார்க்கர், டக்ஸ்ஃபர்டில் மஸ்டாங்கை ஓட்டிப் பார்த்தார். இதில் மெர்லின் 61 இன்ஜினைப் பொருத்த வேண்டும் என்று உடனே எழுதினார். அந்த இன்ஜினின் சூப்பர்சார்ஜர், மெலிந்த காற்றை இரண்டு கட்டமாக அழுத்தி, குளிர வைத்து, சிலிண்டருக்குள் தள்ளும். அதே உடலில் மெர்லின் ஏறியதும் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தொட்டது. பிறகு டெட்ராய்ட்டில் பேக்கார்ட் கார் கம்பெனியே மெர்லினைத் தயாரித்துக் கொடுத்தது.

மஸ்டாங்கின் புகழை இன்ஜினுக்கே எழுதிவைப்பது வழக்கம். அது பாதிக் கதைதான். இறக்கைகளில் சுமார் 700 லிட்டர் பெட்ரோல். விமானியின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு டாங்கியில் 320 லிட்டர். அது நிரம்பியிருக்கும்போது வால் பக்கம் கனத்து, வெட்டித் திருப்பினால் விமானம் கைமீறிப் போகும். அதனால் முதலில் அதைத்தான் கணிசமாகக் காலி செய்வார்கள்.

இறக்கைகளுக்கு அடியில் தொங்கியவை இன்னும் விசித்திரம்: இங்கிலாந்தில் காகிதத்தால் செய்த டாங்கிகள். அடுக்கடுக்காகக் கெட்டிக் காகிதத்தைப் பசையிட்டு ஒட்டி, வார்னிஷ் பூசியவை. ஒவ்வொன்றும் 410 லிட்டர் கொள்ளும். பெட்ரோல் சில மணி நேரத்தில் பசையை இளக்கிவிடும் என்பதால், கிளம்பும் சமயத்தில்தான் நிரப்புவார்கள். எதிரி கண்ணில் பட்டதும் கழற்றி விட்டுவிடலாம். கீழே விழுந்தாலும் ஜெர்மானியருக்கு அலுமினியம் கிடைக்காது. உலோகத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இது எவ்வளவு பெரிய யோசனை!

1944 மார்ச்சில் மஸ்டாங்குகள் பெர்லின் வானத்தில் பறந்தன. அதற்காகக் குண்டுவீச்சு விமானங்களின் இழப்பு உடனே நின்றுவிடவில்லை. மார்ச் 6 அன்று மட்டும் 69 வீழ்ந்தன. ஆனால் தளபதி ஜிம்மி டூலிட்டில், காவலுக்கு ஒட்டிக்கொண்டே பறக்க வேண்டாம், எதிரியைத் தேடிப்போய் அடியுங்கள் என்று துணை விமானங்களை அவிழ்த்துவிட்டிருந்தார். அனுபவம் வாய்ந்த ஜெர்மன் விமானிகளை ஈடுசெய்ய முடியாத வேகத்தில் அந்த நாடு இழந்தது.

குறையும் உண்டு. வயிற்றுப் பக்கமுள்ள ரேடியேட்டரிலோ அதன் குழாயிலோ ஒரு தோட்டா பட்டால் போதும், குளிர்விக்கும் திரவம் ஒழுகி, சில நிமிடங்களில் இன்ஜின் நின்றுவிடும். கொரியப் போரில் ஜெட் விமானங்கள் மேலே சண்டையிட, மஸ்டாங்குகள் தரைத் தாக்குதலுக்குப் போயின. தரையிலிருந்து சுட்டதில் பல விழுந்தன.