மேடை இருந்த வீதி

ஈஸ்ட் ஹாம் புகையிரத நிலையத்தில் இறங்கிக் கடைத்தெருவை நோக்கி விரையும் நம்மவருள், அந்நிலையத்தின் அருகே ஒரு காலத்தில் பெரும் நாடக அரங்கொன்று நின்றதை அறிந்தோர் சிலரே. 1906இல் திறக்கப்பட்ட ஈஸ்ட் ஹாம் பலஸ் அரங்கில் பாடகரும் நகைச்சுவையாளரும் வித்தைக்காரரும் ஒரே இரவில் அடுத்தடுத்துத் தோன்றினர். முதலில் சினிமாவும் பின்னர் தொலைக்காட்சியும் மக்களை ஈர்த்துக்கொள்ள, இருக்கைகள் வெறுமையாயின. 1958இல் கட்டடம் இடிக்கப்பட்டது.

1936இல் பார்க்கிங் வீதியில் எழுந்த கிரனாடா திரைப்பட மாளிகை, திரையோடு மேடைக்கும் இடமளித்தது. 1963இல் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் அங்கு இருமுறை பாடினர். அத்தகைய புகழும் அதனைக் காக்கவில்லை. 1970களில் அது பிங்கோ மண்டபமாயிற்று.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. இலங்கையில் 1978இல் தோன்றிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம், புலம்பெயர்ந்த பின் லண்டனிலும் தமிழ் நாடகங்களை மேடையேற்றியது. ஊரையும் அரங்கையும் இழந்தாலும் கலை கடல் கடந்து வரும் என்பதற்கு அது சான்று. ஆயினும் காண்போரின்றி எக்கலையும் நிலைப்பதில்லை. சின்னத்திரை நம் மாலைப்பொழுதுகளை விழுங்கியது போதும். அடுத்த தமிழ் நாடகத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, முன்வரிசையில் அமர்த்துவோம்.