வீட்டு இயந்திரங்கள் – 17: மைனஸ் பதினைந்திலும் வெப்பம்

போன வாரம் ஃபிரிட்ஜின் முதுகைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். உள்ளே வைத்த பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் உருவிய வெப்பம்தான் அங்கே சுடுகிறது, கூடவே கம்ப்ரசர் தின்ற மின்சாரமும். இந்த வாரம் அதே சங்கதியை நார்வேக்குக் கொண்டுபோவோம்.

அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில், வெளிச்சுவரை ஒட்டி ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. பார்த்தால் நம் ஊர் ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட்தான். ஆனால் அதை வாங்கியவர்கள் குளிருக்காக வாங்கவில்லை, சூட்டுக்காக வாங்கினார்கள். வெளியே மைனஸ் 15 டிகிரி. அந்தக் காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்து, 21 டிகிரியில் இருக்கும் கூடத்துக்குள் அனுப்புகிறது அந்தப் பெட்டி. ஹீட் பம்ப் என்று பெயர்.

மைனஸ் 15-ல் ஏது வெப்பம் என்று கேட்கத் தோன்றும். வெப்பம் அடியோடு தீர்ந்துபோவது மைனஸ் 273-ல். அதற்கு மேலே இருக்கும் எதிலும் வெப்பம் உண்டு. அதைவிடக் குளிர்ந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்தால் தானாகவே அதற்குள் பாயும். அந்தக் குளிர்ந்த பொருள்தான் நம் மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்று சொல்லும் குளிரூட்டி. இப்போது பரவலாகப் பயன்படும் ஆர்-32 சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளிப்பெட்டியின் குழாய்களுக்குள் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, மைனஸ் 22 வாக்கில் கொதிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்தத் திரவத்துக்கு மைனஸ் 15 டிகிரிக் காற்று அடுப்பு மாதிரி. விசிறி அந்தக் காற்றை இழுத்துக் குழாய்கள்மேல் விட, உள்ளே திரவம் கொதித்து ஆவியாகிறது.

ஆவி கம்ப்ரசருக்குப் போகிறது. அங்கே ஆறேழு மடங்கு அழுத்தத்துக்கு இறுக்கப்படும்போது நன்றாகச் சூடேறிவிடுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பகுதி சுடுவது தெரியும். சூடான ஆவி வீட்டுக்குள் இருக்கும் யூனிட்டுக்கு வந்து, நாற்பது டிகிரிச் சொச்சத்தில் மறுபடி திரவமாகிறது. வெளியே கொதிக்கும்போது வாங்கிய வெப்பத்தை இங்கே திரவமாகும்போது கக்கிவிடுகிறது. பிறகு ஒரு குறுகலான வால்வைத் தாண்டும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி, மறுபடி குளிர்ந்து, வெளியே புறப்படுகிறது.

கணக்கில்தான் சுவாரசியம். கம்பி பழுக்கும் சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம் தரும். எந்தக் கம்பெனி என்ன விளம்பரம் செய்தாலும் அதற்கு மேல் தராது. ஹீட் பம்ப், வெளியே 7 டிகிரி இருந்தால், சுமார் நான்கு யூனிட் வெப்பம் தரும். ஒன்று மின்சாரத்தின் பங்கு, மூன்று காற்றிலிருந்து வந்தது. கட்டடங்களை இப்படிச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடியும் என்று வில்லியம் தாம்சன், அதாவது பிற்பாடு கெல்வின் பிரபு, 1852-லேயே எழுதிவிட்டார்.

வெளியே குளிர் ஏற ஏற இந்த நான்கு இறங்கும். மைனஸ் 15-ல் இரண்டைச் சுற்றி நிற்கும். வெப்பம் அதிகம் தேவைப்படும் நாளில்தான் இயந்திரம் குறைவாகத் தருகிறது. இதை விற்பவர்கள் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது, கடைசியில்தான் சொல்கிறார்கள்.

நார்வேயில் இது பரவியதற்குக் காரணம் மழை. அந்த நாட்டு மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம். மலிவாகக் கிடைத்ததால் ஜன்னலடியில் மின் ஹீட்டர் மாட்டி வீட்டைச் சூடாக்குவதே வழக்கம். 2002 இலையுதிர்காலத்தில் மழை பொய்த்தது, அணைகள் வற்றின, அந்தக் குளிர்காலத்தில் கரண்ட் பில் எகிறியது. 2003-ல் அரசு ஹீட் பம்ப்புக்கு மானியம் அறிவித்தது. அப்புறம் பக்கத்து வீட்டைப் பார்த்து எல்லோரும் வாங்கினார்கள். 2020-லிருந்து கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதற்கே தடை. ஆனால் பில் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. சூடு மலிவானதும் ஜனங்கள் பூட்டி வைத்திருந்த அறைகளையும் சூடாக்கினார்கள், விறகு எரிப்பதைக் குறைத்தார்கள், கோடையில் அதையே ஏசியாகவும் ஓட்டினார்கள்.

கோடையில் ஏசியாவதற்கு வேறு இயந்திரம் வேண்டாம். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நான்கு வழி வால்வு ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு சின்னத் துண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தால் கேஸ் ஓடும் திசை மாறிவிடும். வெளியே கொதித்தது இப்போது வீட்டுக்குள் கொதிக்கும், அறை குளிரும். டெல்லியில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ என்று விற்கும் ஏசியில் இருப்பது இந்த வால்வுதான். நம் சென்னை வீட்டு ஏசியில் அது கிடையாது.

அதே வால்வுக்குக் குளிர்காலத்திலும் வேலை உண்டு. வெளிப்பெட்டியின் குழாய்கள் உறைநிலைக்குக் கீழே இருப்பதால் காற்றின் ஈரம் அவற்றின்மேல் வெண்பனியாகப் படியும். தகடுகளின் இடுக்கு அடைபட்டால் காற்று போகாது. உடனே விசிறி நிற்கும், ‘புஸ்’ஸென்று வால்வு திரும்பும், அறைக்குள்ளிருந்து எடுத்த வெப்பம் வெளிக்குழாய்களுக்குப் பாயும். பனி உருகிக் கொட்டும், பெட்டியிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பும். புதிதாகப் பார்ப்பவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று பயப்படுவார்கள். சில நிமிடங்களில் பழையபடி ஓட ஆரம்பிக்கும். சொட்டிய நீர் கீழே கண்ணாடி மாதிரி உறைந்துகிடக்கும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் இதை நடைபாதைக்கு மேலே மாட்டமாட்டார்கள். பனியில் புதையாதபடி உயரமாகவும் வைப்பார்கள்.

இந்தத் தொல்லை கடுங்குளிரில்தான் அதிகம் என்று நினைப்போம். இல்லை. மைனஸ் 15-ல் காற்று வறண்டிருக்கும், பனி அவ்வளவாகப் படியாது. பெர்கன் மாதிரி, ஜனவரியிலும் பூஜ்யத்துக்குச் சற்று மேலே நின்று, சதா மழை பெய்யும் கடற்கரை ஊரில்தான் பெட்டி அடிக்கடி உறையும்.

வடகோடியில் கராஸ்யோக் கதையே வேறு. அங்கே 1886 ஜனவரி 1-ல் பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் இன்றுவரை நார்வேயின் சாதனை. ஆர்-32 கொதிக்கும் நிலையைத் தொட்டுவிடுகிற குளிர் அது. அப்படிப்பட்ட ஊரில் விறகடுப்பைக் கழற்றி எறிய யாரும் தயாரில்லை, சரிதான்.

கேஸைப் பற்றி ஒன்று பாக்கி. முன்பு ஓடிய ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் 2,000 கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். ஆர்-32 ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. இப்போது ஐரோப்பா புரொப்பேனுக்கு நகர்கிறது. நம் சமையல் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து வருவதும் அதுதான். பூமிக்குச் சாது, ஆனால் பற்றிக்கொள்ளும். அதை வீட்டுச் சுவரில் எந்தக் கட்டுப்பாடுகளோடு மாட்டுகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)