வானத்தில் மின்நிலையம், நிலத்தில் யார் காணி?

சூரியக் கலங்களை முகிலுக்கு மேலே, விண்வெளியில் கொண்டுபோய் வைத்தால் இரவிலும் மாரியிலும் மின்சாரம் எடுக்கலாம் என 1968ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியியலாளர் பீற்றர் கிளேசர் எழுதினார். அன்று அது கற்பனைக் கதை போலத் தோன்றியது. இன்று யப்பான், சீனா, பிரித்தானியா முதலிய நாடுகள் இதனை ஆராய்ந்து வருகின்றன.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி, கீழிருந்து பார்ப்பவருக்கு ஓரிடத்திலேயே நிற்கும். (கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், தொலைத்தொடர்புக்கு இப்பாதை உதவும் என 1945இல் எழுதியவர்.) அங்கே இரவு அநேகமாக இல்லை. பங்குனி, புரட்டாதி மாதங்களை ஒட்டிய சில வாரங்களில் மட்டும் பூமியின் நிழல் சிறிது நேரம் விழும். அங்கு பெறும் மின்சாரத்தை நுண்ணலையாக்கிக் கீழே அனுப்ப, நிலத்தில் விரித்த கம்பிவலை போன்ற அன்ரெனாக்கள் அதை வாங்கி மீண்டும் மின்சாரமாக்கும்.

கம்பியில்லாமல் மின்சாரம் போகுமா? போகும். 1975இல் கலிபோர்னியாவில் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திற்கு 30 கிலோவாற்றுக்கு மேல் அனுப்பிக் காட்டினர். 2023இல் அம்மாநிலத்தின் தொழில்நுட்பக் கழகம் ஒன்று விண்ணிலிருந்தே தனது கட்டடக் கூரைக்குச் சிறிது அனுப்பியது. ஒரு விளக்கை எரிக்கவும் அது போதாது. ஆனால் வந்து சேர்ந்தது.

தடை செலவுதான். பல்லாயிரம் தொன் பாரத்தை மேலே ஏற்ற வேண்டும். நிலத்தில் எடுக்கும் சூரிய, காற்று மின்சாரத்தைவிட இது 12 முதல் 80 மடங்கு வரை கூடுதலாகச் செலவாகலாம் என 2024இல் நாசாவின் அறிக்கை ஒன்று கணக்கிட்டது. கிணற்றடியில் சூரியப் பலகை வைத்து நீர் இறைக்க எண்ணியிருப்பவர் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

காணியின் அருமை அறிந்த எமது வாசகர்கள் கேட்பது வேறாக இருக்கும்: அந்த வலையை எங்கே விரிப்பது? 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசு ஆராய்ந்த திட்டத்தில் ஒரு செய்மதி 5,000 மெகாவாற் தரும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அதற்கு 13 கிலோமீற்றர் நீளமும் 10 கிலோமீற்றர் அகலமுமான நீள்வட்ட நிலம், அதாவது சுமார் 25,000 ஏக்கர் வேண்டும். வலை வெயிலையும் மழையையும் பெருமளவு கீழே விடும், ஆகவே பயிர் செய்யலாம் என்கின்றனர் ஆதரவாளர்கள். மனிதர் பொசுங்கிப் போவர் என்பது வீண்பயம். நுண்ணலையின் செறிவு நடுவில்கூட உச்சி வெயிலின் காற்பங்குதான். ஆனாலும் பொதுமக்களுக்கென விதித்த எல்லையை அது பல மடங்கு தாண்டுவதால் அங்கே குடியிருக்க விடமாட்டார்கள். பயிர் இருக்கும், வீடு இராது. வேலிக்கு வெளியே குடியிருந்து, அனுமதியுடன் உள்ளே போய் உழுதுவிட்டு வரும் வயலை எவருடைய வயல் என்பது?

யப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் விளக்கிய ஒரு யோசனையில் வலை நிலத்திலேயே இல்லை. தோக்கியோ குடாவில் 3 கிலோமீற்றர் நீளமான செயற்கைத் தீவொன்றை அதற்கென அமைப்பதாக இருந்தது. அத்தீவு இன்னும் கட்டப்படவில்லை.